டிப்ளமா முடித்துப் பட்டறையில் வேலை பார்ப்பவனுக்கு அமெரிக்கப் பொறியியல் கல்லூரி கிடைக்குமா?

14 ஜூன் 2025, வாசகர் கேள்வி

வயது 20. பத்தாம் வகுப்பு வரை அரசுப் பள்ளி, தமிழ் வழி. பிறகு பாலிடெக்னிக்கில் மெக்கானிக்கல் டிப்ளமா, 2023இல் முடித்தேன். அதிலிருந்து கோவையில் பம்புசெட் உதிரிப்பாகம் செய்யும் பட்டறை ஒன்றில் சிஎன்சி லேத்தில் (கணினி இயக்கும் கடைசல் இயந்திரம்) வேலை. அப்பா உடுமலைப் பக்கம் விவசாயம். அமெரிக்காவில் மெக்கானிக்கல் பி.எஸ். (இளநிலைப் பட்டம்) படிக்க ஆசை. ஒரு கன்சல்டன்சியில் விசாரித்தேன். பன்னிரண்டாம் வகுப்பே படிக்காதவனை அங்கே எந்தக் கல்லூரியும் தொடாது, வேறு நாட்டில் சீட் இருக்கிறது, நான்கு லட்சம் கட்டினால் ஏற்பாடு செய்கிறோம் என்றார்கள். உண்மையா? இந்த வழியில் போனவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள் அண்ணா.

15 ஜூன் 2025

பொய். முழுப் பொய் என்றும் சொல்ல மாட்டேன். அவர்களுக்குக் கமிஷன் தரும் கல்லூரிகளில் எதுவும் தொடாது என்றால் அது உண்மையாக இருக்கலாம். நான்கு லட்சத்தைப் பையிலேயே வை.

நானும் டிப்ளமாக்காரன்தான். பாலிடெக்னிக், பிறகு இங்கேயே லேட்டரல் என்ட்ரியில், அதாவது நேரே இரண்டாம் ஆண்டில் சேர்ந்து, பி.இ., அதன் பிறகு அமெரிக்காவில் எம்.எஸ். என்ற முதுநிலைப் பட்டம். நீ கேட்பது அந்த வழியை அல்ல, அங்கே போய் முதலாம் ஆண்டிலிருந்து படிப்பதை. இரண்டும் வேறு வேறு கதவுகள். இடையில் மூன்றாவது ஒன்றும் உண்டு: இரண்டாண்டு சமுதாயக் கல்லூரியில் சேர்ந்து, அங்கிருந்து பல்கலைக்கழகத்துக்கு மாறுவது.

எந்தக் கதவு என்பதை உன் மதிப்பெண் முடிவு செய்யாது, உன் அப்பாவின் பணம்தான் முடிவு செய்யும். கட்டுரை எழுதுவது, பரிந்துரைக் கடிதம் வாங்குவது எல்லாம் அதற்குப் பிறகு. வீட்டு வரவு செலவை இங்கே எழுதாதே. அப்பாவோடு ஒரு நாள் உட்கார்ந்து பேசிவிட்டு வா.

15 ஜூன் 2025, இரவு

பன்னிரண்டாம் வகுப்பு விஷயத்தை விட்டுவிட்டேன். எம்.ஐ.டி. பள்ளி இறுதிச் சான்றிதழைக் கட்டாயமாகக் கேட்பதில்லை. (குரோம்பேட்டையில் இருப்பதைச் சொல்லவில்லை, மாசசூசெட்ஸில் இருப்பதை.) 2016இல் மும்பையைச் சேர்ந்த மாளவிகா ஜோஷி பத்தாம் வகுப்புச் சான்றிதழும் இல்லாமல், பன்னிரண்டாம் வகுப்புச் சான்றிதழும் இல்லாமல் அங்கே சேர்ந்த செய்தி எல்லாப் பத்திரிகைகளிலும் வந்தது. நம் ஐ.ஐ.டி. கதவு அந்தப் பெண்ணுக்குத் திறக்கவில்லை, பன்னிரண்டாம் வகுப்பு இல்லாததால்.

உடனே துள்ளாதே. சர்வதேச இன்ஃபர்மேட்டிக்ஸ் (கணினி நிரல்) ஒலிம்பியாட்டில் இரண்டு வெள்ளி, ஒரு வெண்கலம் வாங்கியவர் அவர். சான்றிதழ் இருந்த இடத்தில் பதக்கம் இருந்தது. அந்தக் கதையிலிருந்து நீ எடுத்துக்கொள்ள வேண்டியது ஒன்றுதான்: காகிதம் இல்லாதது மட்டுமே காரணமாக யாரும் உன்னைத் தள்ளமாட்டார்கள். அதற்குப் பதிலாக எதைக் காட்டப் போகிறாய் என்று கேட்பார்கள்.

உன் டிப்ளமாவை அவர்களுக்குப் புரியும்படி சொல்லவும் வேண்டும். பத்துக்குப் பிறகு மூன்றாண்டு, அதாவது 15 வயதிலிருந்து 18 வரை. மற்ற பிள்ளைகள் பதினொன்று, பன்னிரண்டு படித்த அதே ஆண்டுகள். சில கல்லூரிகள் இதைப் பள்ளிப் படிப்பாக எடுத்துக்கொண்டு முதலாம் ஆண்டு மாணவனாக விண்ணப்பிக்கச் சொல்லும். சில, நீ ஏற்கெனவே கல்லூரி பார்த்தவன் என்று மாறுதல் மாணவர் வரிசைக்கு அனுப்பும். கட்டணம் கட்டும் முன்பே ஒவ்வொரு சேர்க்கை அலுவலகத்துக்கும் நான்கு வரியில் மின்னஞ்சல் போட்டுக் கேள். பதில் போடுவார்கள். அந்தப் பதிலைச் சேமித்து வை.

21 ஜூன் 2025

அப்பா நிலத்தை விற்கமாட்டார், அடமானமும் வைக்கமாட்டார் என்று தனியாக எழுதியிருக்கிறாய். நல்லது. அப்பாவைக் குறை சொல்லாதே. அவர் முடிவு உன் பட்டியலைப் பாதியாகச் சுருக்கிவிட்டது, அவ்வளவுதான்.

வெளிநாட்டு மாணவனுக்குக் கணக்கு இப்படி. பணம் கேட்கிறானா இல்லையா என்பதைப் பார்க்காமலே சேர்க்கை முடிவு எடுத்து, சேர்த்த பிறகு தேவைப்பட்டதைத் தரும் கல்லூரிகள் மிகச் சில. பொறியியல் உள்ளவை என்று பார்த்தால் எம்.ஐ.டி., ஹார்வர்டு, யேல், பிரின்ஸ்டன். 2022இல் டார்ட்மத் இந்த வரிசைக்கு வந்தது, அண்மையில் பிரவுனும் நோட்ரடேமும். ஆம்ஹர்ஸ்ட், போடன் ஆகியவையும் இதே கொள்கைக்காரர்கள்தான், ஆனால் அங்கே தனிப் பொறியியல் துறை கிடையாது. ஸ்டான்ஃபோர்டும் கால்டெக்கும் தாராளமாகத் தருவார்கள், ஆனால் நீ கேட்கிறாய் என்பது சேர்க்கை முடிவிலேயே எடைக்கு வரும்.

எம்.ஐ.டி.யில் ஓராண்டுச் செலவு 85 ஆயிரம் டாலருக்கு மேல். குடும்ப வருமானம் ஆண்டுக்கு ஒரு லட்சம் டாலருக்குக் கீழே, சொத்தும் சாதாரண அளவில் என்றால் பெற்றோர் எதுவும் தரவேண்டாம் என்று 2024 நவம்பரில் அறிவித்தார்கள். உன் வீடு அந்தக் கோட்டுக்கு எவ்வளவு கீழே என்று உனக்கே தெரியும். அதே எம்.ஐ.டி.யில் வெளிநாட்டு விண்ணப்பங்களில் இடம் கிடைப்பது நூற்றுக்கு இரண்டு பேர் அளவில்தான். இரண்டு உண்மையையும் சேர்த்தே விழுங்க வேண்டும்.

மாநிலப் பல்கலைக்கழகங்கள் வேறு ரகம். பர்டியூ, ஜார்ஜியா டெக், இல்லினாய், மிஷிகன், கலிஃபோர்னியாவின் பல்கலைக்கழகங்கள்: பொறியியலில் முதல் வரிசை, வெளிநாட்டு இளநிலை மாணவனுக்குத் தேவை அடிப்படையில் உதவி கிடையாது. பர்டியூ 2012-13க்குப் பிறகு கல்விக் கட்டணத்தை உயர்த்தவில்லை என்பது பெரிய விஷயம். ஆனாலும் வெளிநாட்டு மாணவனுக்குக் கட்டணம் மட்டுமே ஏறத்தாழ 31 ஆயிரம் டாலர், தங்குவதும் சாப்பாடும் தனி. நியூயார்க்கின் கூப்பர் யூனியன் ஒரு காலத்தில் எல்லோருக்கும் இலவசம். 2014இல் பாதிக் கட்டணம் வந்தது. நியூயார்க் வாடகையை யார் கட்டுவது?

22 ஜூன் 2025

"நம்ம பசங்களுக்கு ஸ்காலர்ஷிப் எப்படியும் கிடைக்கும்" என்று கீழே எழுதியவருக்கு: எங்கே, யார், எவ்வளவு என்று சொல்லுங்கள். மத்திய அரசின் தேசிய வெளிநாட்டுக் கல்வி உதவித்தொகை நல்ல திட்டம். பட்டியல் சாதியினர், சீர்மரபினர், நிலமற்ற விவசாயக் கூலிகள், பரம்பரைக் கைவினைஞர் குடும்பங்கள் தகுதியானவர்கள். ஆனால் அது முதுநிலைக்கும் ஆராய்ச்சிப் படிப்புக்கும்தான். இளநிலைக்குக் கிடையாது. பையனை ஏற்றிவிடாதீர்கள்.

6 ஜூலை 2025

காகிதப் படலம். இதைப் பற்றி யாரும் எழுதுவதில்லை, எல்லோரும் கட்டுரையைப் பற்றியே எழுதுகிறார்கள். எங்கள் வீட்டில் சித்தி மகள் விண்ணப்பித்தபோது பாதி நாள் இதிலேயே போனது.

பள்ளியிலிருந்து ஓர் அறிக்கை போக வேண்டும். ஆசிரியரோ தலைமையாசிரியரோ தம் மின்னஞ்சலிலிருந்து நேரடியாக ஏற்ற வேண்டும். மாணவன் கையில் கொடுத்தால் செல்லாது. அந்தப் படிவம் அமெரிக்கப் பள்ளிக்குத் தைத்த சட்டை. வகுப்பில் எத்தனையாவது இடம், மொத்தம் எத்தனை பேர், எத்தனை சதவீதம் மாணவர்கள் நான்காண்டுக் கல்லூரிக்குப் போகிறார்கள், உங்கள் பள்ளியின் கவுன்சிலர் யார். அவளுடைய தலைமையாசிரியர் நேரே எனக்கே போன் செய்தார்: "தம்பி, இந்தக் கவுன்சிலர் என்ற இடத்தில் நான் வார்டு கவுன்சிலர் பெயரையா போடுவது?" விளையாட்டுக்குக் கேட்கவில்லை. உங்கள் பெயரையே போடுங்கள் ஐயா என்றேன். மறுநாள் மீண்டும் போன். இந்தப் பெண்ணின் திறமையை நான்கு பத்தியில் எழுதச் சொல்கிறார்களே, நற்சான்றிதழ் ஒன்று டைப் செய்து முத்திரை வைத்தால் ஆகாதா என்று. ஆகாது. "நல்லொழுக்கம் உடையவர், வாழ்வில் சிறக்க வாழ்த்துகிறேன்" என்ற நம் ஊர் நற்சான்றிதழ் அங்கே வெற்றுத்தாள். அந்த மனிதரிடம் அவள் பள்ளி ஆய்வகத்தில் என்ன செய்தாள் என்று கேட்டால் அரை மணி நேரம் பேசினார். பேசியதை அப்படியே எழுதுங்கள் என்றேன். எழுதினார், நன்றாகவே எழுதினார்.

உனக்குப் பள்ளித் தலைமையாசிரியர் இடத்தில் பாலிடெக்னிக் முதல்வர் அல்லது துறைத்தலைவர். எம்.ஐ.டி. இரண்டு ஆசிரியர் கடிதம் கேட்கும்: ஒருவர் கணிதம் அல்லது அறிவியல், இன்னொருவர் மொழி அல்லது சமூகவியல் பக்கம். பாலிடெக்னிக்கில் இரண்டாவதற்கு எங்கே போவது என்று கை பிசையாதே. முதலாம் ஆண்டில் கம்யூனிகேஷன் இங்கிலீஷ் எடுத்தவர் இருப்பார். பட்டறை சூப்பர்வைசர் கடிதம் கூடுதல் கடிதமாகப் போகலாம், ஆசிரியர் கடிதத்துக்கு மாற்றாகாது.

அடுத்து வருமானம். கல்லூரியிடம் பண உதவி கேட்க நிரப்பும் சிஎஸ்எஸ் ப்ரொஃபைல் என்ற படிவம் அப்பாவின் வருமான வரிக் கணக்கைக் கேட்கும். விவசாய வருமானத்துக்கு இந்தியாவில் வரி இல்லை, அப்பா கணக்கே தாக்கல் செய்திருக்கமாட்டார். வரி கட்டாதவர் என்ற விளக்கமும், இ-சேவை வழியாக வாங்கும் வட்டாட்சியர் வருமானச் சான்றிதழும், எந்தப் பயிர், எத்தனை ஏக்கர், நல்ல ஆண்டில் எவ்வளவு, தண்ணீர் இல்லாத ஆண்டில் எவ்வளவு என்று ஒரு பக்கமும் வேண்டும். நிலம் சொத்துக் கணக்கில் வரும். பைபாஸ் பக்கம் என்றால் சந்தை மதிப்பு கோடியில் நிற்கும், வருமானம் ஆயிரங்களில் நிற்கும். இரண்டுக்கும் ஏன் பொருந்தவில்லை என்று நீயே எழுதி விளக்காவிட்டால், அங்கே படிக்கும் அதிகாரி உங்களைப் பணக்காரர் என்று எண்ணிவிடுவார். சிட்டா தமிழில் இருக்கும், ஆங்கில மொழிபெயர்ப்போடு வை.

7 ஜூலை 2025

பெயர். பத்தாம் வகுப்புச் சான்றிதழில் இனிஷியலோடு ஒரு பெயர், ஆதாரில் அப்பா பெயரை விரித்து இன்னொன்று, பாஸ்போர்ட்டில் குடும்பப்பெயர் இடம் காலி. இப்படித்தானே இருக்கிறது? பாஸ்போர்ட்டில் ஒரே பெயர் என்றால் அமெரிக்க விசாவில் அந்தப் பெயர் குடும்பப்பெயர் ஆகிவிடும், முதற்பெயர் இருக்கும் இடத்தில் "எஃப்என்யூ" என்று அச்சாகி வரும். முதற்பெயர் தெரியவில்லை என்று பொருள். அமெரிக்காவில் ஓட்டுநர் உரிமம், வங்கி, சம்பளச் சீட்டு எல்லாவற்றிலும் எஃப்என்யூ என்று கூப்பிடப்படும் தமிழர்கள் ஏராளம். பாஸ்போர்ட்டை இப்போதே திருத்து. எஸ்.ஏ.டி. என்ற அமெரிக்கக் கல்லூரி நுழைவுத் தேர்வுக்கான பதிவும் அதே பெயரில்.

19 ஜூலை 2025

கட்டுரை அனுப்பியிருக்கிறாய். படித்தேன். கிணறு வற்றியது, அம்மா நகை அடகுக்குப் போனது, தெருவிளக்கு வெளிச்சம், இறுதியில் அப்துல் கலாம். தம்பி, உன் வீட்டில் மின்சாரம் இருக்கிறது, இலவச மின்சார மோட்டாரும் இருக்கிறது. தெருவிளக்கு எங்கிருந்து வந்தது? வறுமையை எழுதாதே என்று சொல்லவில்லை. வறுமையைச் சொல்ல வருமானச் சான்றிதழ் இருக்கிறது. கட்டுரை அதைச் சொல்லிக்கொண்டிருந்தால், நீ யார் என்று சொல்ல வேறு இடமில்லை.

போன வாரம் நீ போகிற போக்கில் எழுதிய ஒரு வரி இருக்கிறதே, அதுதான் கட்டுரை. 6206 பேரிங் உட்காரும் துளை. 62 மில்லிமீட்டர், மேல்பக்கம் 30 மைக்ரான் வரைதான் இடம். காலை ஷிஃப்டில் முதல் பத்து உருப்படி சரியாக வருகிறது, பதினொரு மணிக்கு மேல் அளவு மெல்ல நகர்கிறது, மதியச் சாப்பாட்டுக்கு நிறுத்திவிட்டு வந்தால் மறுபடி காலை அளவுக்கே போய்விடுகிறது. எல்லோரும் டூல் தேய்கிறது என்றார்கள். தேய்ந்த டூல் சாப்பாட்டு நேரத்தில் எப்படி வளரும் என்று நீ கேட்டாய். ஷிஃப்ட் ரெஜிஸ்டரின் பின்பக்கத்தில் மணிக்கு ஒரு முறை, துளையை அளக்கும் போர் கேஜ் காட்டிய அளவைக் குறித்து வைத்தாய். இயந்திரம் சூடேறி, டூலை நகர்த்தும் ஸ்க்ரூ நீள்கிறது என்று கண்டுபிடித்து, காலையில் முதல் இருபது நிமிடம் வெறுமனே ஓடவிட்டு, அதன் பிறகு ஆஃப்செட் (அளவுத் திருத்தம்) போடச் சொன்னாய். சூப்பர்வைசர் முதலில் கரண்ட் பில் யார் கட்டுவது என்றார். ஒரு வாரம் கழிவு குறைந்ததைப் பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டார்.

இதை எழுது. அந்த ரெஜிஸ்டர் பக்கத்தைப் படமெடுத்து வை, கிரீஸ் கறையோடு. எம்.ஐ.டி.யில் செய்முறை வேலைக்கென்றே தனி போர்ட்ஃபோலியோ ஏற்றும் வசதி இருக்கிறது. உன்னைப் போன்றவனுக்கு அது பரிந்துரைக் கடிதத்தைவிட உதவும்.

இடத்தைப் பார்த்துக்கொள். காமன் ஆப் என்ற பொது விண்ணப்பத்தில் பத்துச் செயல்பாடுகள், ஒவ்வொன்றுக்கும் 150 எழுத்துதான், கட்டுரைக்கு 650 சொல். எம்.ஐ.டி. தனி விண்ணப்பம்: செயல்பாடுகள் நான்கே நான்கு, சிறு சிறு கேள்விகள். கலிஃபோர்னியாவில் எட்டுக் கேள்வியில் நான்கைத் தேர்ந்து 350 சொல்லுக்குள். பத்து இடம் இருக்கிறதே என்று ஓவியப் போட்டிப் பங்கேற்புச் சான்றிதழை எல்லாம் நிரப்பாதே. முழுநேர வேலை ஒன்று, வீட்டுத் தோட்ட வேலை ஒன்று, பாலிடெக்னிக் புராஜெக்ட் ஒன்று. போதும்.

20 ஜூலை 2025

மகளை வீட்டிலேயே படிக்க வைக்கும் அம்மா ஒருவர் கேட்டிருக்கிறார். அம்மா, தேசியத் திறந்தநிலைப் பள்ளியில் பன்னிரண்டாம் வகுப்பை எழுத வைத்துவிடுங்கள். அமெரிக்காவுக்காக அல்ல, அங்கே இல்லாமலும் சமாளிக்கலாம். இங்கேயே இருக்க நேர்ந்தால் அது இல்லாமல் ஒரு கதவும் திறக்காது. பரிந்துரைக் கடிதம் மட்டும் பெற்றோர் எழுதியதாக இருக்கக் கூடாது. வாரத்துக்கு ஒரு முறை கணிதம் சொல்லித்தரும் ஓய்வுபெற்ற பேராசிரியர் இருக்கிறார் என்றீர்களே, அவரே சரியான ஆள்.

3 ஆகஸ்ட் 2025

எஸ்.ஏ.டி. பற்றி. எம்.ஐ.டி. 2022இலேயே திரும்பவும் கட்டாயமாக்கிவிட்டது. ஹார்வர்டு, கால்டெக் 2024இல். ஜார்ஜியா டெக், பர்டியூ கேட்பார்கள். கலிஃபோர்னியப் பல்கலைக்கழகங்கள் அனுப்பினாலும் பார்க்கமாட்டார்கள். தமிழ் வழியில் படித்தவன் ஆங்கிலப் பகுதியை நினைத்து நடுங்க வேண்டாம். இப்போது கணினித் தேர்வு. பழைய நீண்ட பத்திகள் போய்விட்டன, ஒரு சின்னப் பத்திக்கு ஒரு கேள்வி. மொத்தம் 98 கேள்வி, இரண்டே கால் மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவு. கட்டணம் நூறு டாலருக்கு மேல், அதனால் சும்மா எழுதிப் பார்ப்போம் என்று போகாதே. பயிற்சித் தேர்வுகள் இலவசம், அதைச் சலிக்கச் சலிக்க எழுது. கணிதத்தில் ஒரு மதிப்பெண்ணும் விடக் கூடாது. அங்கே நம் பிள்ளைகள் எல்லோரும் எடுப்பார்கள்.

துறை. இது பலருக்குத் தெரியாமல் பின்னால் அழுகிறார்கள். பர்டியூவில் எல்லோரும் முதலாண்டுப் பொதுப் பொறியியலில் சேர்ந்து பிறகு துறை எடுக்க வேண்டும். டெக்சஸ் ஏ அண்ட் எம்மிலும் அப்படியே. இல்லினாயில் விண்ணப்பத்திலேயே துறை. சுலபமாக இருக்கும் துறையில் நுழைந்து பிறகு கணினி அறிவியலுக்குத் தாவலாம் என்ற தந்திரம் அங்கே பலிக்காது. நீ மெக்கானிக்கல் என்பதில் உறுதியாக இருப்பதால் உனக்குத் தொல்லை இல்லை. எம்.ஐ.டி.யில் முதலாண்டு முடிந்த பிறகுதான் துறையே சொல்ல வேண்டும்.

22 செப்டம்பர் 2025

மூன்று நாளாக இந்தப் பக்கம் தீப்பிடித்துக் கிடக்கிறது. 19ஆம் தேதி வந்த அறிவிப்பு: எச்-1பி என்ற வேலை விசா விண்ணப்பத்துக்கு ஒரு லட்சம் டாலர். இனி யாரும் போகாதீர்கள் என்று சிலர், அமெரிக்காவின் கதை முடிந்தது என்று சிலர். முடியட்டும், அதற்குள் இந்தப் பையன் ஒரு படிவத்தை முடித்துவிடட்டும்.

இதில் வெளிநாட்டில் இருப்பவருக்கு மட்டும்தானா, அங்கே படித்துவிட்டு அங்கேயே விசா மாற்றுபவருக்குமா என்று தெளிவில்லை. தெளிந்த பிறகு பேசுவோம். படிக்கும் விசாவில் மாற்றம் இல்லை: எஃப்-1, படித்து முடித்த பிறகு ஓராண்டு வேலைப் பயிற்சி, பொறியியல் என்பதால் மேலும் இரண்டாண்டு. ஜூனில் வந்த மாற்றத்தைத்தான் உன்னைப் போன்றவர்கள் கவனிக்க வேண்டும்: மாணவர் விசா கேட்பவர் தம் சமூக வலைதளக் கணக்குகளைப் பொதுப்பார்வைக்குத் திறந்து வைக்க வேண்டும். நீ எங்கே என்ன எழுதியிருக்கிறாய் என்று ஒரு முறை பார்த்துக்கொள்.

கடன் வாங்கிப் போகிறவர்களுக்கு என் கருத்து கொஞ்சம் மாறியிருக்கிறது. ஜூனில் கேட்டிருந்தால், நல்ல மாநிலப் பல்கலைக்கழகம் என்றால் கடன் வாங்கிப் போ, மூன்றாண்டு வேலையில் அடைத்துவிடலாம் என்றிருப்பேன். இன்று அப்படிச் சொல்ல நாக்கு வரவில்லை.

23 அக்டோபர் 2025

குடியுரிமை அலுவலகம் விளக்கம் தந்துவிட்டது: அமெரிக்காவுக்குள் மாணவர் விசாவிலிருந்து எச்-1பிக்கு மாறுபவருக்கு அந்த ஒரு லட்சம் டாலர் இல்லை. செப்டம்பரில் ஒப்பாரி வைத்தவர்கள் யாரும் இன்று இதைப் பற்றி ஒரு வரி எழுதவில்லை. கடன் பற்றி நான் சொன்னது அப்படியே நிற்கிறது. விதி ஒரு மாதத்தில் இரண்டு முறை முகம் மாற்றும் ஊரை நம்பி அப்பாவின் நிலத்தை வைக்க முடியாது.

2 நவம்பர் 2025

சமுதாயக் கல்லூரிக் கதவை ஜூனில் ஒரே வரியில் தாண்டிப் போனேன். கலிஃபோர்னியாவில் அந்த வழியில் போன ஒருவர் நேற்று நீளமாக எழுதியிருக்கிறார். அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. சமுதாயக் கல்லூரியில் எஸ்.ஏ.டி. தேவையில்லை, 18 வயதானால் போதும் என்று பல கல்லூரிகள் எடுத்துக்கொள்ளும், டிப்ளமாவா பன்னிரண்டா என்ற தகராறே வராது. கலிஃபோர்னியப் பல்கலைக்கழகத்தின் டேவிஸ், அர்வைன், மெர்சட், ரிவர்சைடு, சான்டா பார்பரா, சான்டா குரூஸ் ஆகிய ஆறு வளாகங்கள், குறித்த பாடங்களைக் குறித்த தரத்தில் முடித்தால் இடம் உறுதி என்று முன்கூட்டியே ஒப்பந்தம் தருகின்றன. பெர்க்லி, லாஸ் ஏஞ்சலஸ், சான் டியாகோ தருவதில்லை. பொறியியல் துறைகளில் சில இந்த ஒப்பந்தத்துக்கு வெளியே, அதைப் பார்த்துக்கொள்ள வேண்டும். எந்தப் பாடம் எங்கே செல்லும் என்பதற்கு அசிஸ்ட் என்ற மாநில இணையதளம் இருக்கிறது.

பணம் என்று வந்தால்தான் எனக்கு இடிக்கிறது. கட்டணம் குறைவுதான், ஆனால் வெளிநாட்டு மாணவனுக்கு உதவி என்று பெயரளவுக்குத்தான் இருக்கும், வாடகையோ கலிஃபோர்னியா வாடகை. வளாகத்துக்குள் வாரம் 20 மணி நேரம்தான் வேலை செய்யலாம், அதில் சாப்பாடு ஓடும், வாடகை ஓடாது. மாறிய பிறகு மாநிலப் பல்கலைக்கழகத்தின் முழுக் கட்டணம் காத்திருக்கும். அங்கே அத்தை மாமா வீடு இருப்பவர்களுக்கு இது அருமையான வழி. இந்தப் பையனுக்கு அங்கே யாரும் இல்லை.

16 நவம்பர் 2025

நான் போன வழியைப் பற்றி, இங்கே பி.இ. முடித்து அங்கே எம்.எஸ். போவதைப் பற்றி, பலர் கேட்டுவிட்டீர்கள். லேட்டரல் என்ட்ரியில் பி.இ. சேர்ந்தால் மதிப்பெண் பட்டியல் மூன்றாவது செமஸ்டரில்தான் தொடங்கும். எம்.எஸ்.க்கு விண்ணப்பித்தபோது, முதல் இரண்டு செமஸ்டர் எங்கே, பக்கங்கள் விடுபட்டிருக்கின்றன என்று ஒரு பல்கலைக்கழகத்தின் கணினி என் விண்ணப்பத்தை முழுமையற்றது என்றே காட்டிக்கொண்டிருந்தது. டிப்ளமா மதிப்பெண் பட்டியலையும், லேட்டரல் என்ட்ரி என்றால் என்ன, பத்தும் மூன்றும் மூன்றும் எப்படிப் பதினாறு ஆகிறது என்று கல்லூரி முதல்வர் எழுதிய ஒரு பக்கக் கடிதத்தையும் சேர்த்து அனுப்பினேன். பிரச்சினை அன்றே தீரவில்லை, மேஜைக்கு மேஜை நகர்ந்து தீர்ந்தது. அந்தக் கடிதத்தை முதலிலேயே எல்லா விண்ணப்பத்திலும் வைத்துவிடுங்கள், கேட்கும் வரை காத்திருக்காதீர்கள்.

அரியர் இருந்தால் மறைக்காதீர்கள். மதிப்பெண் பட்டியலில் எந்த முயற்சியில் தேறினோம் என்பது அச்சாகியிருக்கும். கேட்டால் எண்ணிக்கையைச் சொல்லுங்கள், காரணக் கதை வேண்டாம்.

மூன்றாண்டு பி.எஸ்சி. முடித்துவிட்டு பொறியியல் எம்.எஸ். கேட்டவருக்கு: பத்தும் இரண்டும் மூன்றும் பதினைந்துதான். சில ஏற்கும், பல ஏற்காது. உங்களுக்கு மேலே நான் பையனுக்குச் சொன்னதே: முதலில் மின்னஞ்சல், பிறகு கட்டணம்.

7 டிசம்பர் 2025

பையனின் இறுதிப் பட்டியல் வந்துவிட்டது. எம்.ஐ.டி., பிரின்ஸ்டன், யேல், டார்ட்மத், நோட்ரடேம். எல்லாமே பணம் பார்க்காத இடங்கள். வேறு எதற்கும் அவன் விண்ணப்பிக்கவில்லை. ஏன் ஒரு பாதுகாப்பான கல்லூரிகூட இல்லை என்று கேட்கிறவர்களுக்கு: கட்ட முடியாத கல்லூரியில் இடம் கிடைப்பதில் என்ன பாதுகாப்பு? அவனுக்குப் பாதுகாப்பு இங்கேதான் இருக்கிறது. அடுத்த மே, ஜூனில் லேட்டரல் என்ட்ரி விண்ணப்பம், அதுவும் கிடைக்காவிட்டால் வேலை பார்த்துக்கொண்டே மாலையில் படிக்கும் பகுதிநேர பி.இ. கோவையில் இருக்கிறது. ஐந்தும் கைவிட்டாலும் எஸ்.ஏ.டி. கட்டணமும் சில மாதத் தூக்கமும்தான் நட்டம். விண்ணப்பக் கட்டண விலக்கை எல்லா இடத்திலும் கேட்கச் சொல்லியிருக்கிறேன். வெட்கப்பட்டுக்கொண்டு 75 டாலரைக் கட்டிவிடாதே.

தம்பி, இன்னும் இரண்டு. பிப்ரவரியில் எம்.ஐ.டி. ஒரு படிவம் நிரப்பச் சொல்லும். நீ எங்கேயும் படிக்கவில்லையே, புது மதிப்பெண் ஏது என்று அதை விட்டுவிடாதே, கட்டாயம். அதற்குள் பட்டறையில் புதிதாக எதையாவது சரிசெய்திருந்தால் அதை அங்கே எழுது. முடிவு வழக்கமாக மார்ச் 14, அங்கே மாலை 6:28. நமக்கு மறுநாள் விடிகாலை நான்கு மணிக்குச் சற்று முன். அன்று உனக்கு இரவு ஷிஃப்ட் என்றால் லேத்தை நிறுத்திவிட்டுப் பார். ஓடும் சக்குக்கு முன்னால் கைப்பேசியை எடுக்காதே.